குடலிலிருந்து மூளைக்கு: வழியும் மருந்தும்



இன்றைய தலைப்பைக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் வீட்டார். நினைவாற்றல் குறைந்த ஒருவரை அழைத்து வருகிற மகனோ மருமகளோ, மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே கேட்கும் கடைசிக் கேள்வி சில ஆண்டுகளாக ஒரே மாதிரி இருக்கிறது: “டாக்டர், புரோபயாடிக் கொடுக்கலாமா? குடல் சரியானால் மூளையும் சரியாகும் என்கிறார்களே?” புரோபயாடிக் என்பது நலம் தரும் என்று உண்ணும் உயிருள்ள நுண்ணுயிர்கள். கேள்வியில் தவறு இல்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்ற மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களுக்கு நாங்கள் தரும் மாத்திரைகள் நோயைத் திருப்புவதில்லை. அறிகுறிகளைச் சற்றுக் காலம் தாங்கிப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். மருத்துவம் கைவிரிக்கும் இடத்தில் குடும்பம் வேறு கதவைத் தட்டுவது இயல்பு.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. குடலுக்கும் மூளைக்கும் நடுவே வழி இருக்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாலை போட்டிருக்கிறார்கள் என்பதற்காக நமக்கு வேண்டிய பேருந்து வந்துவிட்டதாக ஆகாது. வழியை நிறுவும் சான்று வேறு, மருந்தை நிறுவும் சான்று வேறு. முதல் சான்றைக் காட்டி இரண்டாவதை விற்பதுதான் இன்று நடக்கிறது.

கல்லீரல் வார்டில் ஒரு சாட்சி

குடல் நுண்ணுயிர்கள் மனிதனின் புத்தியை மாற்றும் என்பதற்கு எலிகளைத் தேடிப் போகவேண்டாம். எந்த அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் நோய்ப் பிரிவுக்குள் நடந்தால் போதும். கல்லீரல் சுருங்கிப்போன நோயாளி ஒருவர் பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார். தேதி தெரியாது, எதிரே நிற்பது மனைவியா மகளா என்று தடுமாறுவார். கைகளை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று தாழும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அமோனியா முதலிய கழிவுகளை, நலமான கல்லீரல் வடிகட்டிவிடும். கெட்ட கல்லீரல் விட்டுவிடும். அவை மூளைக்குப் போய்ச் சேரும். கல்லீரல் மூளைக்கோளாறு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு மருந்து எங்கே கொடுக்கிறோம்? குடலுக்கு. லாக்டுலோஸ் சிரப் ஓர் இனிப்புப் பொருள். நம் உடல் அதைச் செரிக்காது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், அமோனியா குடலிலேயே சிக்கிக்கொண்டு மலத்தோடு வெளியேறும். பலருக்கு ஓரிரு நாளில் தெளிவு திரும்புகிறது. ரிஃபாக்சிமின் என்ற, குடலைத் தாண்டி ரத்தத்தில் அதிகம் கலக்காத ஆன்டிபயாட்டிக்கை 299 பேரிடம் சோதித்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஆறு மாதத்தில் மீண்டும் குழப்பநிலைக்குப் போனவர்கள் போலிமாத்திரைக் குழுவில் 45.9 சதவீதம், மருந்துக் குழுவில் 22.1 சதவீதம்.

புரோபயாடிக்குக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 130 நோயாளிகளிடம் பல நுண்ணுயிர்கள் அடங்கிய கலவை ஒன்றை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. குழப்பநிலை திரும்புவது குறைந்தது, ஆனால் அந்தக் குறைவு தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அதே சமயம் அந்தக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் 42.2 சதவீதத்திலிருந்து 19.7 ஆக இறங்கினார்கள். ஆக, குடலை மாற்றி மூளையைத் தெளியவைக்கும் மருத்துவம் ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அங்கே நஞ்சு எது, அது எங்கே பிறக்கிறது, எந்த வழியே போகிறது என்று நமக்குத் தெரியும். மூளை செல்களும் பெரும்பாலும் செத்திருக்காது. டிமென்ஷியாவுக்கு முதன்மைக் காரணமான அல்சைமர் நோயில் இந்த இரண்டு வசதியும் நமக்கு இல்லை.

1907-ஆம் ஆண்டின் இரண்டு எழுத்துகள்

அலாய்ஸ் அல்சைமர் தம்முடைய நோயாளி அகுஸ்ட டேட்டரின் மூளையைப் பற்றி 1906 நவம்பரில் ட்யூபிங்கனில் பேசினார். அச்சில் வந்தது 1907-இல். அதே 1907-இல் பாரிசில், பாஸ்டர் நிறுவனத்தின் எலி மெச்னிகாஃப் முதுமையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நஞ்சைச் சுரக்கின்றன, அதனால்தான் மனிதன் சீக்கிரம் மூப்படைகிறான், பல்கேரிய விவசாயிகளைப் போலப் புளித்த பால் குடித்தால் அந்த அழுகலைத் தடுக்கலாம் என்பது அவர் வாதம். தாமும் நாள்தோறும் குடித்தார். மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பாலுக்காக அல்ல, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களைக் கண்டறிந்ததற்காக. 1916-இல் தம் 71-ஆம் வயதில் இதயநோயால் இறந்தார்.

புளித்த பாலோடு அவர் பெயரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் சொன்ன இன்னொன்றை மறந்துவிட்டோம். விழுங்கும் செல்களைக் கண்டுபிடித்த அவருக்கு, முதுமையில் அவையே நரம்பு செல்களைத் தின்றுவிடுகின்றன என்ற எண்ணம் இருந்தது. குடல் நஞ்சு நரம்பு செல்லை நலிய வைக்கும், நலிந்ததை விழுங்கும் செல் தின்றுவிடும் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டார். அன்று அதைக் கற்பனை என்று ஒதுக்கினார்கள். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், அல்சைமர் மாதிரி எலிகளில் மைக்ரோக்ளியா என்ற மூளையின் விழுங்கும் செல்கள், நோயின் தொடக்கத்திலேயே நரம்பு இணைப்புகளைத் தின்பதைக் காட்டினார்கள். நூறாண்டுக்கு முன் அவர் எழுப்பிய கேள்வி உயிரோடு இருக்கிறது. அவர் சொன்ன மருந்து வேறு கதை: பல்கேரியத் தயிர் நுண்ணுயிர் மனிதக் குடலில் குடியேறித் தங்குவதில்லை என்று பின்னாளில் தெரிந்தது.

குடல் நஞ்சுக் கொள்கைக்கு ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ட்ரென்டன் மனநல மருத்துவமனையின் தலைவராக 1907 முதல் 1930 வரை இருந்தவர் ஹென்றி காட்டன். மனநோய்க்குக் காரணம் உடலில் ஒளிந்திருக்கும் கிருமித்தொற்று என்று அவர் நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டான்சிலை எடுத்தார், அதற்கும் சரியாகாதவர்களின் பெருங்குடலை வெட்டி எடுத்தார். குடல் அறுவையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார்கள். ஆனாலும் 85 சதவீதம் பேர் குணமானதாக அறிவித்தார், பத்திரிகைகள் கொண்டாடின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் அடால்ஃப் மையர் ஏற்பாட்டில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் நேரில் போய் ஆராய்ந்து, குணமான கணக்கு பொய் என்று அறிக்கை கொடுத்தார். மையர் அதை வெளியிடவில்லை. காட்டன் கொடியவர் அல்லர்; தம் கொள்கை சரி என்ற உறுதி அவரை எண்ணிப் பார்க்கவிடாமல் செய்தது. இன்றைய குப்பியும் மாத்திரையும் கத்தி அல்ல, நியாயந்தான். ஆனால் கொள்கை அழகாக இருப்பதால் கணக்குப் பார்க்காமல் விடும் பழக்கம் அதேதான்.

மூன்று தடங்கள்

இனி வழிக்கு வருவோம். முதல் தடம் நரம்பு. குடல் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. அங்கிருந்து மூளைத்தண்டு வரை ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பகுதி இழைகள் மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளையிலிருந்து ஆணை கொண்டுவருபவை குறைவு. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் பங்கேற்ற 2011-ஆம் ஆண்டு ஆய்வில், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜேபி-1 கொடுத்த எலிகளின் அச்சம் தணிந்தது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் மறைந்தது. தடம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது அரிது.

இரண்டாவது தடம் நோயெதிர்ப்பு. குடலின் உட்சுவர் இளகினால் நுண்ணுயிர்த் துணுக்குகள் ரத்தத்தில் கசியும், உடல் முழுதும் மெல்லிய அழற்சி பரவும், அது மூளையின் மைக்ரோக்ளியாவையும் உசுப்பும். நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் மைக்ரோக்ளியா முதிராமல் இருப்பதை ஜெர்மனியின் ஃப்ரைபர்க் குழு 2015-இல் காட்டியது. அத்தகைய எலிகளில் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்புச் சுவரே ஓட்டையாக இருப்பதை அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடன் குழு காட்டியிருந்தது.

மூன்றாவது தடம் வேதிப்பொருள். நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அசிட்டேட், புரொப்பியனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பத்திரிகைகளில் இவை நல்லவை என்று மட்டும் படித்திருப்பீர்கள். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழு 2023-இல் வெளியிட்டது வேறு. அல்சைமர் நோயில் சேர்வதுபோல மூளையில் டாவ் புரதம் சேரும்படி மரபணு மாற்றிய எலிகளை நுண்ணுயிர் இல்லாமல் வளர்த்தபோது மூளைச் சேதம் குறைந்தது. அவற்றுக்குக் குறுங்கொழுப்பு அமிலத்தைக் கொடுத்ததும் நோய்க்குறிகள் கூடின. ஒரே பொருள், முதிராத மைக்ரோக்ளியாவை ஓரிடத்தில் முதிரவைக்கிறது, இன்னோரிடத்தில் அதையே சேதத்துக்குத் தூண்டுகிறது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பவர்கள் இந்த ஆய்வைப் பற்றிப் பேசுவதில்லை.

எது முந்தியது?

அல்சைமர் நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மற்றவர்களுடையதிலிருந்து மாறுபடுகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். மாறுபாடு உண்மை. ஆனால் மறதி வந்தவருக்குப் பசி குறையும், வாசனை தெரியாது, பல் போயிருக்கும், தண்ணீர் குடிக்க மறப்பார், மென்று தின்னும் காய்கறிக்குப் பதில் கரைத்த கஞ்சி வரும். நடை நின்றுபோகும். மலச்சிக்கல் வரும். நான்கைந்து மாத்திரைகள் சேரும். இவை ஒவ்வொன்றும் குடல் நுண்ணுயிரை மாற்றக்கூடியவை. அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். வீட்டில் வாழ்பவர்களைவிட, நீண்டகாலக் காப்பகத்தில் இருப்பவர்களின் நுண்ணுயிர் வகைகள் குறுகியிருந்தன. அந்தக் குறுக்கம் அவர்கள் உணவோடும் உடல் நலிவோடும் பொருந்தியது. இடம் மாறினால் சாப்பாடு மாறுகிறது, சாப்பாடு மாறினால் குடல் மாறுகிறது. அப்படியானால் குடல் மாற்றம் நோயின் காரணமா, நோயின் விளைவா?

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. நினைவில் எந்தக் குறையும் இல்லாத 164 பேரை எடுத்து, அவர்களில் மூளையில் மட்டும் அல்சைமர் தடயம் தொடங்கியிருந்த 49 பேரின் குடலை மற்றவர்களோடு ஒப்பிட்டது 2023-இல் வந்த அமெரிக்க ஆய்வு. வேறுபாடு அப்போதே இருந்தது. ஆகவே எல்லாம் நோயின் பின்விளைவு என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டில் கார்க் குழு, அல்சைமர் நோயாளிகளின் மலத்தில் உள்ள நுண்ணுயிர்களை இளம் எலிகளின் குடலுக்கு மாற்றியது. எலிகளின் நினைவுத்திறன் தளர்ந்தது, ஹிப்போகாம்பஸ் பகுதியில் புது நரம்பு செல் பிறப்பது குறைந்தது. வழி இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வது இவற்றை வைத்துத்தான்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள்

இப்போது மருந்துப் பக்கம் வருவோம். விளம்பரங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2016-இல் வந்த ஈரானிய ஆய்வு. அல்சைமர் நோயாளிகள் 60 பேர். பாதிப் பேருக்கு நான்கு வகை நுண்ணுயிர்கள் சேர்த்த பால், நாளைக்கு 200 மில்லி; மற்றவர்களுக்குச் சாதாரணப் பால். பன்னிரண்டு வாரம் கழித்து, எம்எம்எஸ்இ என்ற நினைவுத் தேர்வில் முதல் குழு ஏறத்தாழ 28 சதவீதம் முன்னேறியது, இரண்டாவது குழு 5 சதவீதம் சரிந்தது. 28 சதவீதம் என்றால் பெரிய எண்ணாகத் தோன்றும். உள்ளே போய்ப் பாருங்கள். அந்தத் தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண். முதல் குழுவின் சராசரி 8.67-இலிருந்து 10.57 ஆனது. இரண்டு மதிப்பெண்கூட முழுசாக இல்லை. எட்டு மதிப்பெண் எடுக்கும் நோயாளி முற்றிய நிலையில் இருப்பவர்; பத்தரை எடுத்த பிறகும் அவருக்குக் குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆள் வேண்டும். தொடக்க எண் சின்னதாக இருந்தால் சதவீதம் ஊதிப்போகும். இந்த ஆய்வைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே நாட்டிலிருந்து 2018-இல் வந்த, 48 நோயாளிகள் கொண்ட ஆய்வில், பெரும்பாலும் நோய் முற்றியவர்களுக்குக் கேப்ஸ்யூலாகக் கொடுத்த புரோபயாடிக் அதே பன்னிரண்டு வாரத்தில் எந்தப் பலனும் தரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்கிறேன்.

அப்படியானால் முற்றுவதற்கு முன்பே கொடுத்தால்? டிமென்ஷியா அளவுக்குப் போகாத, லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களிடம் அதிகம் சோதிக்கப்பட்டது ஜப்பானின் பிஃபிடோபேக்டீரியம் பிரேவே என்ற நுண்ணுயிரின் குறிப்பிட்ட ஒரு ஸ்ட்ரெயின், அதாவது உள்வகை. 2019-இல் நினைவுக் குறை சொன்ன 121 முதியவர்களிடம் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். இரண்டு குழுவுமே முன்னேறியது, இடையே வேறுபாடு இல்லை. தொடக்கத்தில் மதிப்பெண் குறைவாக இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கொஞ்சம் தெரிந்தது. 2020-இல் 80 பேரிடம் பதினாறு வாரம், நாளைக்கு 2,000 கோடி நுண்ணுயிர்கள்; இந்த முறை போலிமாத்திரைக் குழுவைவிடத் தெளிவான முன்னேற்றம். 2022-இல் 130 பேரிடம் இருபத்துநான்கு வாரம். முதன்மைத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை, நாள்–இடம் உணர்வைச் சோதிக்கும் பகுதியில் மட்டும் வேறுபாடு, ஸ்கேனில் மூளைச் சுருக்கம் சற்று மெதுவானதாக ஒரு குறிப்பு. ஒரே ஸ்ட்ரெயின், மூன்று ஆய்வு, மூன்று விதமான முடிவு. முன்னின்று நடத்தியவர்கள் அதை விற்கும் மொரினாகா பால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அதற்காக முடிவைச் சந்தேகிக்கவேண்டியதில்லை; வேறொருவர் தனியாகச் செய்து அதே முடிவு வரும்வரை காத்திருக்கலாம்.

போலிமாத்திரை உண்டவர்களும் ஏன் முன்னேறுகிறார்கள்? ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினால் கை பழகிவிடும். ஆய்வில் சேர்ந்ததால் மாதம் ஒருமுறை வெளியே போகிறார், நாலு பேர் அக்கறையாகப் பேசுகிறார்கள். அதுவே ஒரு மருந்து. ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்வும் இந்த முன்னேற்றத்தைப் புரோபயாடிக்கின் கணக்கில் வரவு வைத்துவிடும்.

எலியில் பலித்தது மனிதனில் பலிக்குமா என்பதற்கும் விடை இருக்கிறது. வேகஸ் நரம்பின் வழியே எலியின் அச்சத்தைத் தணித்ததே ஜேபி-1, அதையே கார்க் குழு நலமான 29 ஆண்களுக்குக் கொடுத்து 2017-இல் முடிவை வெளியிட்டது. மன அழுத்தத்திலும் நினைவிலும் போலிமாத்திரையை அது மிஞ்சவில்லை. தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே சோதித்து, பலிக்கவில்லை என்று தாங்களே எழுதினார்கள். ட்ரென்டனில் இல்லாமல் போன நேர்மை இது.

சீனாவில் கடற்பாசியிலிருந்து எடுத்த ஜிவி-971 என்ற மருந்து, குடல் நுண்ணுயிரைச் சீர்செய்து அல்சைமரைக் கட்டுப்படுத்தும் என்ற விளக்கத்தோடு 2019 நவம்பரில் நிபந்தனை அனுமதி பெற்றது. உலகளவில் தொடங்கிய மூன்றாம் கட்டச் சோதனையை நிதி நெருக்கடி, பெருந்தொற்று ஆகிய காரணங்களைச் சொல்லி நிறுவனம் 2022-இல் நிறுத்திவிட்டது. முடிவில்லாமல் நின்ற சோதனை யாருக்கும் எதையும் நிரூபிப்பதில்லை.

நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்லவேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி 60 வயதைக் கடந்த 36 இரட்டையர் இணைகளை, அதாவது 72 பேரை, எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் புரதச் சத்தும் உடற்பயிற்சியும். இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்ச்சத்துத் தூள், பன்னிரண்டு வாரம். தசை வலுவில் மாற்றம் இல்லை. ஆனால் நினைவுத் தேர்வில் நார்ச்சத்து உண்டவர் முந்தினார். முடிவு 2024-இல் வந்தது. மறதிநோய் இல்லாதவர்களிடம் நடந்த சிறிய ஆய்வுதான் என்றாலும், உயிருள்ள நுண்ணுயிரை வெளியிலிருந்து கொண்டுவராமல், உள்ளே இருப்பவற்றுக்குச் சோறு போடுவது இது. மலிவானதும்கூட.

கடையில் வாங்கும் குப்பி

புரோபயாடிக் என்று எதைச் சொல்லலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001-இல் வரையறுத்தன: உயிரோடு இருக்கவேண்டும், போதிய அளவில் இருக்கவேண்டும், உண்பவருக்கு நலம் தரவேண்டும். மூன்றாவது நிபந்தனை ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக நிரூபிக்கப்படவேண்டியது. லாக்டோபேசில்லஸ் என்று பொதுப்பெயர் போட்ட பெட்டியைக் காட்டி ஜப்பானிய ஆய்வைச் சொன்னால், கேட்பவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். ஸ்ட்ரெயினின் முழுப்பெயர் இருக்கிறதா? காலாவதி நாள்வரை எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறதா? எந்த வெப்பத்தில் வைக்கவேண்டும்? இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக எதிர்பார்ப்பது நாளைக்குக் குறைந்தது 10 கோடி. ஜப்பானிய ஆய்வில் கொடுத்தது அதைப்போல் 200 மடங்கு.

“பக்கவிளைவு இல்லைதானே, கொடுத்துப் பார்ப்போமே” என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வயிற்று உப்புசத்துக்கு மேல் எதுவும் வராது, உண்மை. ஆனால் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி கண்ட 298 பேரிடம் நடந்த சோதனையில், புரோபயாடிக் குழுவில் 24 பேரும் போலிமருந்துக் குழுவில் 9 பேரும் இறந்தார்கள். 2008-இல் வெளியான அந்த முடிவு மருத்துவ உலகையே அதிரவைத்தது. தீவிர சிகிச்சையில் இருப்பவர், நோயெதிர்ப்பு குன்றியவர், பெரிய ரத்தக்குழாயில் ஊசிக்குழல் பொருத்தியவர் ஆகியோருக்கு உயிருள்ள நுண்ணுயிரைத் தன்னிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் முடிந்ததும் புரோபயாடிக் என்பது நம் ஊரில் சடங்காகிவிட்டது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் காட்டியதோ எதிர்மாறு: அப்படி எடுத்துக்கொண்டவர்களின் சொந்த நுண்ணுயிர்க் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது.

அப்படியானால் நம் தயிரும் மோரும்? வீட்டுத் தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எந்த ஸ்ட்ரெயின், எவ்வளவு என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். இட்லி மாவில் லூகோனாஸ்டாக் போன்றவை செழித்துப் பொங்கவைக்கின்றன, ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை மடிந்துவிடும். புளித்த மாவு செரிமானத்துக்கு நல்லது, சத்தும் கூடும். ஆனால் தட்டில் இருக்கும் இட்லி புரோபயாடிக் அல்ல. ஸ்டான்ஃபோர்டில் நலமான 36 பேரிடம் நடந்த, 2021-இல் வெளியான ஆய்வில், புளித்த உணவுகளைப் பத்து வாரம் அதிகமாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் பல குறைந்தன. ஆகவே மோர் குடிப்பவரை நான் தடுக்கமாட்டேன். முதியவருக்கு அது தண்ணீரும் ஆயிற்று, கால்சியமும் ஆயிற்று. மறதிக்கு மருந்து என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்கவேண்டாம்.

இன்று கையில் இருப்பவை

மாதந்தோறும் புரோபயாடிக்குக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் குடும்பம் முதலில் செய்யவேண்டியவை சில உண்டு. வைட்டமின் பி12 அளவையும் தைராய்டையும் சோதியுங்கள். இவற்றில் எது குறைந்தாலும் மறதி வரலாம், சரிசெய்தால் சிலருக்குத் தேறும். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் உண்பவர்களுக்கும் பி12 குறைவது சாதாரணம். மாத்திரைப் பையை அப்படியே மருத்துவர் முன் கொட்டுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்கும் சில மருந்துகள், அமிட்ரிப்டிலின் போன்றவை முதியவர் மூளையைக் குழப்பும். கூடவே மலச்சிக்கலையும் உண்டாக்கும். குடலையும் மூளையையும் ஒரே நேரத்தில் கெடுக்கும் பொருள் பல வீடுகளில் மாத்திரைப் பையிலேயே இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தினாலே சிலருக்குத் தெளிவு கூடலாம்.

காது கேட்கிறதா பாருங்கள், கண்புரையை எடுங்கள். டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் கணித்தது. செவித்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் அசையாமை, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குடல் நுண்ணுயிர் இல்லை. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய் நலம் ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டாண்டு செய்து பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள்; வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட அறிவாற்றல் முன்னேற்றம் 25 சதவீதம் கூடுதல். இங்கே எண்ணிக்கையும் பெரிது, காலமும் நீண்டது. கீரை, பருப்பு, காய்கறி, நடை, ஆட்களோடு பேச்சு என்ற இந்த வழியில் குடல் நுண்ணுயிரும் தன் பங்கைப் பெற்றுக்கொள்ளும்.

இனி நடக்கவேண்டியது

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் பார்த்த சோதனைகளில் பெரும்பாலானவை நூறு பேரை எட்டவில்லை, ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. பத்தாண்டு, பதினைந்தாண்டாக மூளையில் சேரும் நோயைப் பன்னிரண்டு வாரத்தில் அளக்கிறோம். ஈரானியர் குடலிலும் ஜப்பானியர் குடலிலும் கண்டது, சோறும் பருப்பும் புளித்த மாவும் உண்டு வளர்ந்த குடலுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. இங்கே ஓர் ஆய்வு வேண்டும். லேசான குறைபாடு உள்ள சில நூறு பேர், ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் உறுதிசெய்த நோய், குறைந்தது இரண்டாண்டு, முழுப்பெயர் தெரிந்த ஒரு ஸ்ட்ரெயின் அல்லது ஒரு நார்ச்சத்து, எதை அளக்கப் போகிறோம் என்று தொடங்கும் முன்பே பதிவு, விற்பவர் கையில் இல்லாத பணம். மதிப்பெண்ணோடு, அவர் தாமாகச் சட்டை போட்டுக்கொள்கிறாரா, பராமரிக்கும் மகளுக்கு இரவில் தூக்கம் வருகிறதா என்பதையும் அளக்கவேண்டும்.

அப்படியொரு ஆய்வு “பயன் உண்டு” என்று முடிந்தால், மலிவான ஒரு மருந்து 88 லட்சம் வீடுகளுக்குக் கிடைக்கும். “பயன் இல்லை” என்று முடிந்தாலும் நட்டமில்லை. அந்த வீடுகள் மாதாமாதம் குப்பியில் போடும் பணம் காதுக்கருவிக்கும், பகல்நேரப் பராமரிப்புக்கும், உதவிக்கு ஓர் ஆளுக்கும் திரும்பும். இரண்டு விடையில் எது வந்தாலும் அதை அச்சில் ஏற்றுகிறவர்கள் உங்களிலிருந்து வரவேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் தரும் மனம் அறக்கட்டளைகளுக்கும் வரவேண்டும்.